கிலோமீட்டர் வரல, வருஷம் வந்துடுச்சு

வானொலியில் காலை நேரத்தில் போக்குவரத்துச் செய்தி வாசிக்கும்போது ஒரு வரி அடிக்கடி வரும். "வடக்கு நோக்கிச் செல்லும் தடத்தில் பழுதடைந்த வாகனம், இடது தடத்தில் மெதுவான போக்குவரத்து." நான்கு விநாடியில் வாசித்து முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். பத்து வருடத்தில் அந்த வரியை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்த வாகனத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, சுங்கைக்கும் பீடோருக்கும் நடுவில், அந்த வாகனத்துக்குள் நான் இருந்தேன். பின் இருக்கையில் அம்மா. அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த என் ஆறு வயது மகள். கார் பூட்டில் தெவசத்துக்கு வாங்கிய பழம், வேட்டி, வாழை இலைக் கட்டு. மறுநாள் காலை சுங்கைப் பட்டாணியில் தம்பி வீட்டில் அப்பாவுக்கு மூன்றாம் ஆண்டுத் தெவசம். கார் அப்பாவுடையது.

என்ன நடந்தது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: ஒன்றுமே நடக்கவில்லை. வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை, ஆட்டம் இல்லை. மணிக்கு 105 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தேன். டக் என்று கீழே எதையோ தட்டிய மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பதில் இல்லை. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. இஞ்சின் நின்றால் பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங்கும் நின்றுவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குத்தான் இலகுவாக இருக்கும், பிறகு முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சிக்னல் போட்டு, கார் ஓடும் வேகத்திலேயே இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைத் திருகி, அவசரத் தடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்னால் வந்த டிரெய்லர் ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்து போனபோது கார் முழுக்க ஒரு குலுங்கு குலுங்கியது.

"ஏன்மா நின்னுட்டுது?" என்று அம்மா கேட்டார்.

"தெரியல மா" என்று சொல்லிவிட்டு, யாரும் செய்யும் வேலையை நானும் செய்தேன். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, ஆனால் வழக்கமான அந்தத் திணறல் இல்லாமல், ஏதோ காலி டப்பாவைச் சுற்றுவது போல லேசாக, வேகமாகச் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். நான்கு முறை. இந்த நான்கு என்ற எண்ணைப் பிறகு ஒருவரிடம் வெட்கத்தோடு சொல்ல வேண்டி வந்தது.

அவசரத் தடத்தில் காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதை நானே வானொலியில் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெளியே கொளுத்தும் வெயில், அம்மாவுக்குச் சர்க்கரை, பிள்ளைக்குத் தூக்கம். ஏர்கான் இல்லாத காருக்குள் இருந்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு பேருந்து பக்கத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனதும் அந்த எண்ணம் போய்விட்டது. இடது பக்கக் கதவு வழியாக இருவரையும் இறக்கி, இரும்புத் தடுப்பைத் தாண்ட வைத்து, அந்தப் பக்கம் இருந்த செம்பனை நிழலில் நிற்க வைத்தேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடுப்பைத் தாண்டிய விதத்தைப் பார்த்தால் அறுபத்தெட்டு வயது என்று சொல்ல மாட்டீர்கள். தோட்டத்தில் வளர்ந்தவர். எச்சரிக்கை முக்கோணம் பூட்டின் அடியில், தெவசச் சாமான்கள் அத்தனைக்கும் கீழே இருந்தது. வாழை இலையை எல்லாம் எடுத்து வெளியே வைத்துத்தான் அதை எடுக்க முடிந்தது. இப்போது அது என் கார் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது.

பிளஸ் நெடுஞ்சாலை உதவி எண்ணை, 1800 88 0000, அழைத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது, ஒரு இழுவை லாரி வந்து நின்றது. நல்ல வேகம் என்று சந்தோஷப்பட்டேன். இறங்கியவர் சீருடையில் இல்லை. முதலில் மலாயில் பேசினார், என் பொட்டைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"அக்கா, இழுத்துட்டுப் போயிடலாம். நமக்குத் தெரிஞ்ச வெர்க்ஷாப் இருக்கு. காசு அப்புறம் பேசிக்கலாம்."

"பிளஸ்தானே நீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான் அக்கா."

ஒன்று இல்லை. நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டிருந்து, நின்றுபோன காரைப் பார்த்ததும் வந்து கொக்கியை மாட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். கார் அவர்கள் லாரியில் ஏறிவிட்டால் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை. அவர் கொக்கியை எடுக்கப் போனார். நான் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெயில், பயம், பிள்ளை. யாராவது இந்த இடத்தைவிட்டுக் கொண்டுபோனால் போதும் என்றிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"வேணாம் தம்பி. எங்க ஆளுங்க வந்துகிட்டு இருக்காங்க. விலைய முதல்ல சொல்லாத வேலை நமக்கு வேணாம்."

அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் உண்மையான ரோந்து வண்டி வந்தது. இருபது வயதைச் சற்றுத் தாண்டிய மலாய்த் தம்பி ஒருவர், கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு, "காக், ஜாங்கான் ஸ்டார்ட் லாகி" என்றார். இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க அக்கா. இஞ்சின் சத்தத்தைக் கேட்காமலேயே, நான் நடந்ததைச் சொன்ன விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் வண்டி எங்களைப் பீடோர் டோல் சாவடிக்கு வெளியே கொண்டுவந்து விட்டது, கட்டணம் வாங்கவில்லை. அங்கிருந்து காப்புறுதி நிறுவனத்தின் இழுவை வண்டிக்காக ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தோம். கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதம் அங்கே தீர்ந்தது. காப்புறுதித் தாளில் எத்தனை கிலோமீட்டர் வரை இழுவை இலவசம் என்று எழுதியிருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடையது எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து படிப்பது நல்லது. டோல் ஓரத்தில் கைப்பேசித் திரையில் வெயிலடிக்க அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பது பெரிய கஷ்டம்.

பீடோரை நம்மில் பலர் கொய்யாவுக்கும் கோழி பிஸ்கட்டுக்கும் நின்று போகும் ஊராகத்தான் அறிவோம். அன்றைக்குத்தான் அந்த ஊரின் பின் தெருவில் ஒரு வெர்க்ஷாப்பைப் பார்த்தேன். கதவு பாதி இறக்கியாகிவிட்டது. தவுக்கே அறுபது வயதுச் சீனர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அம்மா, உட்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்றார் சுத்தமான தமிழில். அவருடைய அப்பா பக்கத்துத் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். அம்மா அடுத்த பத்து நிமிடத்தில் அந்தத் தோட்டத்துக் கங்காணி பெயர் வரை பேசத் தொடங்கிவிட்டார்.

தவுக்கே இஞ்சின் ஆயில் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்துக்கொண்டே தன் பையனிடம் இஞ்சினைக் கையால் கொஞ்சம் திருப்பச் சொன்னார். கீழே சக்கரம் திரும்பியது, மேலே ஒன்றும் அசையவில்லை.

"டைமிங் பெல்ட் புத்துஸ். எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணீங்க தங்கச்சி?"

"நாலு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தெரியாதவர்களுக்காக, அவர் எனக்கு விளக்கிய மாதிரியே சொல்கிறேன். இஞ்சினின் அடிப்பாகத்தில் பிஸ்டன்களோடு சுற்றும் தண்டு ஒன்று, கிராங்க்ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு ஒன்று, கேம்ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்று சுற்றினால் மேலே ஒரு சுற்று. இரண்டையும் தாளம் தப்பாமல் கட்டி வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட். நெடுஞ்சாலையில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே இடம்தான், நேரம்தான் வேறு. பெல்ட் அறுந்தால் மேலே உள்ள தண்டு நின்றுவிடும், சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். கீழே பிஸ்டன் மட்டும் வேகத்தில் ஏறி வந்து அவற்றை இடிக்கும். வால்வு பெங்கோக், வளைந்துவிடும். சில இஞ்சின்களில் மட்டும் இடிக்காத அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த அதிர்ஷ்டம் இருந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடலாம். என் காருக்கு இல்லை.

சாவி திருப்பியபோது அது அவ்வளவு லேசாகச் சுற்றியதற்கும் இதுதான் காரணம். வால்வுகள் மூடாததால் உள்ளே காற்று அழுத்தமே இல்லை. அப்படிச் சுற்றுவது கேட்டால் உடனே சாவியைவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நான் திருப்பாமல் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். "நூறுல அறுந்தப்பவே வளைஞ்சிருக்கும் தங்கச்சி. நீங்க திருப்பினது மேல ஒண்ணு ரெண்டு கூட்டியிருக்கலாம், கூட்டாமலும் இருந்திருக்கலாம்" என்றார். இதைச் சொல்லி என்னிடம் கூடக் காசு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறைப்பைக் கழற்றி அந்தப் பட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். அறுந்த இடத்தில் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். வெடிப்பு வெடிப்பாக, வாசலில் வருஷக்கணக்கில் கிடந்த செருப்பின் அடி மாதிரி இருந்தது.

"இதை எப்ப மாத்தினது?"

இந்த இடத்தில்தான் என் கதைக்கு வருகிறேன்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கார் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு 555 புத்தகம் வைத்திருப்பார். கடைக்காரர்கள் கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம்தான். ஆயில், டயர், பேட்டரி, எல்லாம் அதில் இருக்கும். கார் என் கைக்கு வந்தபோது புத்தகமும் வந்தது. அதை எடுத்துத் தவுக்கேயிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். அப்பாவின் கையெழுத்து: "டை.பெல்ட் 88,200. 11/2014. அடுத்து 170,000 / 2019."

மீட்டரில் அன்று 152,000 சொச்சம்.

"பாருங்க, இன்னும் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் இருக்கு" என்றேன் நான். இதையே, வார்த்தை மாறாமல், போன வருஷம் எங்கள் வீட்டுப் பக்கத்து வெர்க்ஷாப்பிலும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் சர்வீஸ் செய்யும்போது கேட்டான், டைமிங் பெல்ட் எப்ப அக்கா மாத்தினீங்க என்று. கிலோமீட்டர் இன்னும் வரல என்று அனுப்பிவிட்டேன். மறுவாரம் எழுநூறு வெள்ளிக்குக் காரில் புது ஆண்ட்ராய்டு பிளேயர் மாட்டினேன். வானொலிக்காரி, ஒலி நன்றாக இருக்க வேண்டாமா?

தவுக்கே அந்தச் சாய்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைத் தட்டிக் காட்டினார். "கிலோமீட்டர் வரல. வருஷம் வந்துடுச்சு, தங்கச்சி. உங்க அப்பா எழுதியிருக்காரு தானே."

நான் அந்த 2019-ஐப் பார்க்காமல் இல்லை. கிலோமீட்டர்தான் கணக்கு என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். ரப்பர் ஓடித்தான் தேய வேண்டும் என்பதில்லை, நின்ற இடத்திலேயே இறுகி வெடிக்கும். 80,000 அல்லது 100,000 கிலோமீட்டர், அல்லது ஐந்து ஆறு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்பதுதான் பொதுவான கணக்கு. காருக்குக் கார் மாறும், உங்கள் கையேட்டில் இருக்கும். அந்த "எது முதலில்" என்ற சொல்லைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

அப்பாவின் கார் ஏன் ஓடவில்லை என்பதும் அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. 2019 தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். அதற்குப் பிறகு பக்கங்களில் கையெழுத்து கோணலாகி, பிறகு எழுத்தே இல்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, யார் காரும் ஓடவில்லை. கார் வாசலில் நின்றது. அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, "ஸ்டார்ட்டாச்சும் பண்ணி வைங்கடா" என்று தம்பியைச் சத்தம் போடுவார். 2019-இல் மாற்ற வேண்டியதை மாற்றத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மற்ற நாங்கள் எல்லோரும் அவருடைய மருந்துக்கும் பிசியோவுக்கும் தேதி பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்தை அம்மாவும் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். தவுக்கேயும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் போடச் சொன்னார்.

தம்பி சுங்கைப் பட்டாணியிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்து சேர இரவு ஒன்பது. வீடு போய்ச் சேர நள்ளிரவு. வாழை இலை வாடியிருந்தது. மறுநாள் தெவசம் நேரத்துக்கு நடந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் பயனில்லை. பதினாறு வால்வில் ஆறு வளைந்திருந்தன. பிஸ்டன்களில் வடு மட்டும்தான், உடையவில்லை. ஹெட்டைக் கழற்றி ஈப்போவுக்கு அனுப்பிச் சீர்செய்து, கேஸ்கெட், புது பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து 2,650 வெள்ளி. காரை எடுக்க அடுத்த வாரம் மறுபடியும் பீடோர் போனேன். முன்கூட்டியே மாற்றியிருந்தால் அறுநூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும். தண்ணீர் பம்ப்பை ஏன் மாற்றினீர்கள், அது நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டேன், ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. பல கார்களில் அந்தப் பெல்ட்தான் பம்ப்பையும் சுற்றுகிறது. பம்ப் போனால் மறுபடியும் இதே அளவு கழற்ற வேண்டும், கூலி இரண்டு தரம் ஆகும் என்றார். நியாயம்தான். டென்ஷனர் இறுகி நின்றாலும் புதுப் பெல்ட்டே அறுந்துவிடுமாம்.

இதைக் கேட்ட என் வானொலித் தோழி ஒருத்தி, "நல்லவேளை என்னுது மைவி" என்றாள். உண்மை, மைவியில் பெல்ட் இல்லை, சங்கிலி. ஆனால் சங்கிலி ஆயிலில் ஓடுவது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் இழுத்தடித்தால் அதுவும் தளரும். அது தளர்ந்தால் சத்தமாவது போடும், குளிர்ந்த இஞ்சினை எழுப்பும்போது கடகடவென்று. பெல்ட் ஒன்றுமே சொல்லாது. பிளாஸ்டிக் மறைப்புக்குள் இருப்பதால் போனட்டைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. ஆயிலோ தண்ணீரோ அதன்மேல் கசிந்தால் ஆயுள் இன்னும் குறையும், அதுவும் தெரியாது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். உங்களில் சிலர் அப்பாவின் காரை, மாமாவின் காரை ஓட்டுகிறீர்கள். சிலர் முதல் சம்பளத்தில் பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், அதற்கு 555 புத்தகமும் கிடையாது, போனட்டுக்குள் பெல்ட் மாற்றிய ஸ்டிக்கரும் கிடையாது. விற்றவர் "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று சொல்லியிருப்பார். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அல்ல, இரண்டு வாரம் முன்பே காரைக் காட்டுங்கள். பெருநாள் நெருங்கினால் பொருளும் கிடைக்காது, மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்.

போக்குவரத்துச் செய்தியில் அந்த வரி இன்னும் வருகிறது. போன திங்கட்கிழமைகூட வந்தது, தாப்பா அருகே. வாசித்துவிட்டு, கையேட்டில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: காரில் இருப்பவர்கள் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள், அழைக்காமல் வரும் லாரியில் காரை ஏற்றாதீர்கள். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினார்.

காரை எடுத்து வந்த அன்றிரவு அப்பாவின் புத்தகத்தில் நான் முதல்முறையாக எழுதினேன். "டைமிங் பெல்ட், டென்ஷனர், பம்ப். 152,310. அடுத்து 232,000." அம்மா புத்தகத்தை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வருஷம் போடலியே" என்றார்.

போட்டேன்.